வெலிங்டனில் விதைக்கப்பட்ட 19,460 கோதுமைகள்

புதுதில்லியில் உள்ள தேசியத் தாவர மரபு வளப் பணியகத்தின் குளிர் அறைகளில், உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ் குளிரில், நன்கு உலர்த்தப்பட்ட கோதுமை விதைகள் அலுமினியத் தாள் பைகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. உள்நாட்டில் திரட்டிய விதையானால் பையின் மேல் ‘ஐ.சி.’ என்று தொடங்கும் எண் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்ததானால் ‘இ.சி.’ என்று தொடங்கும். எந்த ஊரில், எந்த ஆண்டில் திரட்டியது என்ற விவரம் அந்த எண்ணோடு பதிவேட்டில் சேர்ந்திருக்கும். பழைய பைகள் பலவற்றுக்கு அதுவும் முழுமையாக இருப்பதில்லை. ஆனால் புதிய ரகம் உருவாக்க முனையும் ஒருவர் முதலில் கேட்கும் கேள்விக்கு, அதாவது இந்த விதையிலிருந்து முளைக்கும் செடி நோயைத் தாங்குமா என்ற கேள்விக்கு, அந்தப் பதிவேடு விடை சொல்லாது. விதையை வெளியே எடுத்து, விதைத்து, நோயை அதன் மேல் ஏவிப் பார்த்தால்தான் தெரியும்.

2011 முதல் 2014 வரையிலான பயிர்ப் பருவங்களில் இந்திய அறிவியலாளர்கள் செய்தது அதைத்தான். ரொட்டிக் கோதுமை, டூரம் கோதுமை, நம் கடைகளில் சம்பா கோதுமை என்ற பெயரில் விற்கும் டைகோக்கம் ஆகிய மூன்று இனங்களைச் சேர்ந்த 19,460 சேகரிப்புகளை (ஓர் எண் பெற்ற ஒரு பை விதை ஒரு சேகரிப்பு) வெளியே எடுத்து, மூன்று துரு நோய்களுக்கும் இலைப்புள்ளிக் கருகல் நோய்க்கும் எதிராக அடுக்கடுக்காகச் சோதித்தார்கள். முதல் அடுக்குச் சோதனைக்காக அவ்வளவும் விதைக்கப்பட்ட இடம் நீலகிரி மாவட்டத்தின் வெலிங்டன்.

தமிழ்நாட்டில் கோதுமைச் சாகுபடி பெயரளவுக்குத்தான் நடக்கிறது. அப்படியிருக்க, நாட்டின் கோதுமைச் சேகரிப்புக்கு முதல் தேர்வு இங்கே நடப்பதற்கான காரணம் துருப் பூஞ்சையின் வாழ்க்கை முறையில் இருக்கிறது. அந்தப் பூஞ்சை உயிருள்ள பச்சைச் செடியின் மேல் மட்டுமே பெருகும். காய்ந்த தாளை நம்பி அடுத்த பருவம் வரை அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. வட இந்தியச் சமவெளியில் ஏப்ரலில் அறுவடை முடிந்து மே, ஜூன் மாத வெயில் ஏறும்போது அங்குள்ள பூஞ்சை மடிந்துவிடும். அப்படியானால் அடுத்த குளிர்காலப் பயிருக்கு நோய் எங்கிருந்து வருகிறது? ஆக்ரா கல்லூரியில் பணியாற்றிய கரம் சந்த் மேத்தா பல்லாண்டு உழைத்து இதற்கு விடை கண்டார். கோடையிலும் கோதுமைச் செடி பச்சையாக நிற்கும் மலைப் பகுதிகளில், வடக்கே இமயமலைச் சரிவுகளிலும் தெற்கே நீலகிரி, பழனி மலைகளிலும், பூஞ்சை ஒதுங்கியிருந்து பருவம் வந்ததும் சமவெளிக்கு இறங்குகிறது என்று அவர் நிறுவினார். பிற்காலத்தில் நாகராஜன், ஜோஷி ஆகிய இருவரும் வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, தென்மலைகளின் தண்டுத் துரு வித்துகள், அதாவது பூஞ்சை பரவ உதவும் நுண்தூள், நவம்பர் மாதப் புயல்களின் காற்றில் ஏறி மத்திய இந்தியாவுக்குப் போய், மழைத்துளிகளோடு அங்குள்ள இளம் பயிரின் மேல் இறங்குகின்றன என்று காட்டினார்கள். துருப் பூஞ்சையின் பேரினப் பெயரைக் கொண்டு நோயியலாளர்கள் அந்த வழியைப் ‘பக்சினியா பாதை’ என்கிறார்கள்.

சமவெளி விவசாயிக்குக் கேடாக இருந்த அந்த இயல்பே சோதனைக்கு உகந்ததாக ஆயிற்று. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள வெலிங்டனில் 1954இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார நிலையம் அமைந்தது. மிதமான குளிர், விடிய விடிய இலை மேல் தங்கும் பனி, ஆண்டில் எப்போதும் எங்காவது நிற்கும் கோதுமை ஆகியவற்றால் துரு நோய் அங்கே தானாகவே வரும், தவறாமல் வரும். நோயெதிர்ப்பைச் சோதிப்பவருக்கு அந்த ‘தவறாமல்’ என்ற சொல்லைவிட மதிப்புள்ளது வேறில்லை. நோய் வராத ஆண்டில் எல்லாச் செடியும் எதிர்ப்புத் திறன் உள்ள செடி போலத்தான் தெரியும்.

கோதுமைத் துரு மூன்று வகைப்படும். தண்டுத் துரு அல்லது கருந்துரு, தண்டின் மேலும் தண்டைச் சுற்றியுள்ள இலையுறையின் மேலும் நீள்வட்டக் கொப்புளங்களாக வந்து மேல்தோலைக் கிழித்து வெடிக்கும். விரலால் தடவினால் செங்கல் நிறத் தூள் ஒட்டும், பயிர் முற்றும்போது அதே இடம் கறுத்துவிடும். இலைத் துரு அல்லது பழுப்புத் துரு, இலையின் மேற்பரப்பில் சிறு சிறு வட்டங்களாகச் சிதறிக் கிடக்கும். மஞ்சள் துரு, வளர்ந்த இலையில் நரம்பை ஒட்டி வரிவரியாக ஓடும், தையல் இயந்திரத்தில் மஞ்சள் நூலால் தைத்ததுபோல. தண்டுத் துரு வெப்பத்தை விரும்புவது, மஞ்சள் துரு குளிரை விரும்புவது, இலைத் துரு இரண்டுக்கும் நடுவில் நிற்பது. எந்தப் பட்டத்தில் எந்த நோய் ஓங்கும் என்பதை இந்த விருப்பமே முடிவு செய்கிறது.

சோதனை வயல் வழக்கமான வயல்போல் இருக்காது. ஒவ்வொரு சேகரிப்புக்கும் கிடைப்பது சிறு வரிசை ஒன்றுதான். பையில் இருப்பதே கொஞ்சம் விதை என்பதால் அதற்கு மேல் விதைக்க வழியில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வரிசைகளுக்கு ஒருமுறையும் வயலைச் சுற்றிலும், நோய்க்கு உடனே பலியாகும் ஒரு பழைய ரகத்தை நெருக்கமாக விதைப்பார்கள். இந்தியாவில் அந்த வேலைக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் ரகங்களில் ‘ஆக்ரா லோக்கல்’ ஒன்று. நோய் முதலில் அந்த நோய் பரப்பும் வரிசைகளில் பற்றி, அங்கே பெருகி, காற்றில் இருபுறமும் உள்ள வரிசைகளுக்குப் பாயும். இயற்கையாக வரும் நோயை மட்டும் நம்பாமல், பூஞ்சை வித்துத் தூளை நீரிலோ மெல்லிய எண்ணெயிலோ கலந்து மாலை வேளையில் தெளிப்பதும், ஊசி வழியாகச் செடிக்குள் செலுத்துவதும் உண்டு. மாலையைத் தேர்ந்தெடுப்பது ஏனென்றால், வித்து முளைத்து இலைக்குள் நுழைய இலையின் மேல் பல மணி நேரம் ஈரம் நிற்க வேண்டும். காலை வெயிலில் தெளித்த தூள் வீண். தூவிய நாளிலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் முதல் கொப்புளங்கள் வெடித்து அடுத்த சுற்று வித்துகளை விடும். அதற்குப் பிறகு வயலை வாரம் ஒருமுறை சுற்றி வந்து குறிப்பெடுக்க வேண்டும்.

அந்தக் குறிப்பில் இரண்டு செய்திகள் சேர்ந்திருக்கும். இலைப் பரப்பில் எத்தனை விழுக்காடு நோய் மூடியிருக்கிறது என்பது ஒன்று. அதைத் திருத்திய காப் அளவுகோல் என்ற படவரிசையோடு ஒப்பிட்டு மதிப்பிடுவார்கள். கொப்புளத்துக்கு எதிராகச் செடி எப்படி நடந்துகொள்கிறது என்பது மற்றது. கொப்புளம் பெரிதாகி, சுற்றிலும் இலை பச்சையாகவே இருந்தால் செடி பூஞ்சைக்கு விருந்து வைக்கிறது என்று பொருள், அது ‘எஸ்’. கொப்புளம் குறுகிச் சுற்றிலும் திசு வெளிறியோ கருகியோ இருந்தால், செடி தன் உயிரணுக்களைத் தானே சாகவிட்டுப் பூஞ்சையைப் பட்டினி போடுகிறது என்று பொருள். அதன் அளவுக்கேற்ப ‘ஆர்’ (எதிர்ப்பு) அல்லது ‘எம்.ஆர்.’ (ஓரளவு எதிர்ப்பு) என்று எழுதுவார்கள். ஆக, ஒரு வரிசைக்கு எதிரே ‘40 எஸ்’ என்றும் மற்றொன்றுக்கு எதிரே ‘40 எம்.ஆர்.’ என்றும் இருந்தால் இரண்டிலும் நோய் மூடிய பரப்பு ஒன்றே. ஆனால் எஸ்ஸுக்கு 1.0, எம்.ஆருக்கு 0.4 என்று பெருக்கிப் பார்க்கும்போது முன்னது 40, பின்னது 16. எட்ட நின்று பார்க்கும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரு வரிசைகளை இலையைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்ப்பவர்தான் பிரித்தறிய முடியும். 19,460 வரிசைகளில் இதைச் செய்வது எத்தகைய உழைப்பு என்பதை, முடிவை மட்டும் படிப்பவர்கள் எளிதில் மறந்துவிடுகிறோம்.

வெலிங்டன் சோதனையில் 4,925 சேகரிப்புகள் தேறின. ஏறத்தாழ நான்கில் ஒன்று. அவை மட்டும் அடுத்த அடுக்குக்குப் போயின. பஞ்சாபின் குர்தாஸ்பூரில் மஞ்சள் துருவுக்கும், மேற்கு வங்கத்தின் கூச் பிகாரில் இலைப்புள்ளிக் கருகலுக்கும் அவை ஆட்பட்டன. இமயமலை அடிவாரத்தை ஒட்டிய குர்தாஸ்பூரில் குளிரும் ஈரமும் சேர்ந்து மஞ்சள் துருவை ஆண்டுதோறும் எழுப்பிவிடும். கூச் பிகாரின் நிலைமை வேறு. வெதுவெதுப்பும் ஈரமும் மிகுந்த கீழைச் சமவெளியின் நோய் இலைப்புள்ளிக் கருகல்; அதை உண்டாக்கும் பைபொலாரிஸ் பூஞ்சை துருவைப் போல் உயிருள்ள திசுவை மட்டும் நம்பியிருப்பதில்லை, திசுவைக் கொன்று அதிலேயே வாழும், விதையிலும் தாளிலும் தங்கும். அதற்கெதிரான எதிர்ப்பு ‘உண்டு, இல்லை’ என்று பளிச்செனத் தெரியாது, கூடவோ குறையவோதான் இருக்கும். அதனால் அளவுகோலும் மாறுகிறது: இரண்டு இலக்கங்கள், முதல் இலக்கம் நோய் செடியில் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பதற்கு, இரண்டாவது இலக்கம் இலைகளை எவ்வளவு தின்றிருக்கிறது என்பதற்கு. இந்த இரண்டாம் அடுக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட துருக்களைத் தாங்கக்கூடியவையாக 498 சேகரிப்புகளும், இலைப்புள்ளிக் கருகலைத் தாங்கக்கூடியவையாக 868 சேகரிப்புகளும் தேறின.

வயலில் தேறியது போதாதா என்று கேட்கலாம். போதாது. வயலில் எந்தெந்தப் பூஞ்சை உள்வகைகள் கலந்திருந்தன என்பது அந்த ஆண்டின் காற்றைப் பொறுத்தது. ஒரு செடி தப்பியதற்கு அதன் எதிர்ப்புத் திறன் காரணமா, அதை வீழ்த்தக்கூடிய உள்வகை அன்று அங்கே வராதது காரணமா என்று வயல் சொல்லாது. அதற்காக நாற்றுப் பருவச் சோதனை வைக்கிறார்கள். கண்ணாடிக் குடிலில் தொட்டிகளில் முளைத்த, ஓரிரு இலை விட்ட நாற்றுகளின் மேல் பெயர் தெரிந்த ஒரே ஓர் உள்வகையைத் தனித்தனியாகத் தூவிப் பார்ப்பது அது. விளைவை சுழியம் முதல் 4 வரை மதிப்பிடுவார்கள். 0, 1, 2 தாங்கின, 3, 4 வீழ்ந்தன. இந்தியாவில் பரவும் துரு உள்வகைகளை ஆண்டுதோறும் திரட்டி, அடையாளம் கண்டு, உயிரோடு பேணிவருவது சிம்லாவின் ஃபிளவர்டேல் நிலையம். மேத்தா தொடங்கிவைத்த வேலையின் தொடர்ச்சி அது. மூன்று துருக்களின் கடுமையான ஏழு உள்வகைகளுக்கு எதிராக நாற்றுகளைச் சோதித்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட துருக்களைத் தாங்கக்கூடியவையாக நின்றவை 137.

கடைசி அடுக்கு ஆய்வகத்தில் நடந்தது. ஏற்கெனவே அறியப்பட்ட எதிர்ப்பு மரபணுக்களுக்கு அருகில் உள்ள அடையாளக் குறிகளை டி.என்.ஏ.யில் தேடியபோது, மூன்று துருக்களுக்குமான அறியப்பட்ட மரபணுக்களையும் இலைப்புள்ளிக் கருகலுக்கு எதிரான ஒரு மரபுப் பகுதியையும் சேர்த்துக் கொண்டிருந்த சேகரிப்புகள் 45 கிடைத்தன. 432 பைகளைப் பிரித்தால் ஒன்று என்ற கணக்கு.

இந்த 45 என்ற எண்தான் பேசப்படும். எனக்கோ அதன் இரு ஓரங்களிலும் கிடக்கும் மற்ற எண்களே முக்கியமாகப் படுகின்றன. அடையாளக் குறியைக் கொண்டு தேடினால் தெரிந்த மரபணுதான் கிடைக்கும். வயலிலும் நாற்றிலும் நோயைத் தாங்கி நின்று, தெரிந்த குறி எதுவும் அகப்படாத சேகரிப்பில்தான் இதுவரை யாரும் பயன்படுத்தாத மரபணு ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். பட்டியலில் பின்தங்கியவை என்று அவற்றை ஒதுக்கிவிடக் கூடாது. அதேபோல், வெலிங்டனில் தேறாமல் நின்றுவிட்ட 14,535 சேகரிப்புகள் கூச் பிகார் மண்ணை மிதிக்கவே இல்லை. துருவுக்கு வீழ்ந்தாலும் இலைப்புள்ளிக் கருகலைச் சிறப்பாகத் தாங்கும் செடி அவற்றுள் இருந்திருக்கலாம்; இருந்திருந்தால் அது முதல் சல்லடையிலேயே கீழே விழுந்திருக்கும். இருபதாயிரத்தை நெருங்கும் வரிசைகளை மூன்று ஊர்களில் ஒரே சமயத்தில் விதைக்க ஆளும் நிலமும் விதையும் எவரிடமும் இராது என்பதால் அடுக்குச் சல்லடை முறையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘தேறாதவை’ என்ற சொல்லுக்கு ‘எந்த நோய்க்கு, எந்த ஊரில், எந்த ஆண்டில்’ என்ற மூன்று அடைமொழிகளும் பதிவேட்டில் கட்டாயம் ஒட்டியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை அவற்றைத் திரும்பிப் பார்க்காது.

பழைய விதைகளுக்குள் இவ்வளவு தேட வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்பதைப் பஞ்சாபின் அனுபவம் தெளிவாகக் காட்டும். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் 1995இல் வெளியிட்ட பி.பி.டபிள்யூ. 343 என்ற ரகம் நல்ல மகசூலாலும் நோய் தாங்கும் தன்மையாலும் வடமேற்குச் சமவெளி முழுவதும் பரவி, பல லட்சம் எக்டேரில் அந்த ஒரே ரகம் நின்றது. மஞ்சள் துருவுக்கு எதிராக அது பெரிதும் சார்ந்திருந்த மரபணு ஒய்ஆர் 27. 2001இல் கண்டறியப்பட்ட 78 எஸ் 84 என்ற உள்வகை அந்த மரபணுவைக் கடந்துவிட்டது. ஒரே பூட்டு எல்லா வீட்டிலும் தொங்கும்போது ஒரு சாவி கிடைத்தவனுக்கு ஊரே திறந்துவிடும் என்பதைப் போல, சில ஆண்டுகளில் அந்த ரகத்தைக் கைவிட வேண்டிய நிலை வந்தது.

அதே காலத்தில் உகாண்டாவிலிருந்து இன்னும் பெரிய எச்சரிக்கை வந்தது. அங்கே 1998இல் கவனிக்கப்பட்டு 1999இல் அடையாளம் காணப்பட்ட தண்டுத் துரு உள்வகை, யூஜி 99 என்று பெயர் பெற்றது. ரை என்ற தானியத்திலிருந்து கோதுமைக்குள் கொண்டுவரப்பட்டு, உலகமெங்கும் எண்ணற்ற ரகங்களில் இடம்பிடித்திருந்த எஸ்ஆர் 31 என்ற மரபணுவை அது வீழ்த்தியது. கென்யா, எத்தியோப்பியா வழியாக 2006இல் ஏமன், 2007இல் ஈரான் என்று அது நகர்ந்தபோது, பசுமைப் புரட்சிக்கு வித்திட்ட கோதுமை அறிவியலாளர் நார்மன் போர்லாக் முதுமையிலும் உலக நாடுகளை எச்சரித்து ஒன்றுதிரட்டினார். கென்யாவின் நிஜோரோவிலும் எத்தியோப்பியாவின் டெப்ரே செய்ட்டிலும் பன்னாட்டுச் சோதனை வயல்கள் அமைந்தன. இந்தியா உட்படப் பல நாடுகள் தங்கள் ரகங்களையும் சேகரிப்புகளையும் அங்கே அனுப்பி, நோய் தம் எல்லைக்குள் வருவதற்கு முன்பே எவை நிற்கும், எவை விழும் என்று பார்த்துக்கொண்டன. வராத பகைவனோடு அவன் ஊருக்கே போய் மோதிப் பார்ப்பது போன்ற ஏற்பாடு அது.

ஒற்றை மரபணுவை நம்பிக் கெட்ட அனுபவம் மதிப்பீட்டு முறையையும் மாற்றியது. நாற்றிலேயே பூஞ்சையை அடியோடு தடுக்கும் மரபணுக்கள் பார்வைக்குக் கவர்ச்சியானவை, ஆனால் பெரும்பாலும் குறுகிய ஆயுள் கொண்டவை. இன்னொரு வகை, செடி வளர்ந்த பிறகே வேலை செய்யும். நோயை முற்றிலும் தடுக்காது, அதன் வேகத்தைக் குறைக்கும். பிரேசிலின் ஃபிரண்டானா ரகத்தோடு தொடர்புடைய எல்ஆர் 34 அப்படிப்பட்டது. இலைத் துரு, மஞ்சள் துரு, தண்டுத் துரு, சாம்பல் நோய் ஆகிய நான்கின் வேகத்தையும் அது ஓரளவு தணிக்கிறது, அதன் அமைப்பு 2009இல் பிரித்தறியப்பட்டது. எஸ்ஆர் 2 இன்னும் பழையது: அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் மெக்ஃபேடன் 1916இல் யாரோஸ்லாவ் என்ற எம்மர் (டைகோக்கம்) கோதுமையை மார்க்விஸ் என்ற ரொட்டிக் கோதுமையோடு இணைத்த கலப்பிலிருந்து வந்தது, இன்றும் பயனில் உள்ளது. இத்தகைய எதிர்ப்புள்ள செடி நாற்றுச் சோதனையில் 3 அல்லது 4 வாங்கித் தோற்றுப்போகும். ஒரே ஒருநாள் எடுத்த வயல் குறிப்பிலும் அது சராசரியாகத் தெரியும். வாரந்தோறும் குறிப்பெடுத்து, நோய் ஏறிய வேகத்தை வரைகோடாக வரைந்து, அதன் கீழுள்ள பரப்பைக் கணக்கிட்டால்தான் அதன் அருமை புலப்படும். கூர்ந்து பார்ப்பவருக்கு வேறு தடயங்களும் உண்டு. எல்ஆர் 34 உள்ள செடியின் கொடியிலை (கதிருக்குக் கீழே உள்ள கடைசி இலை) நுனி காய்ந்திருக்கும். எஸ்ஆர் 2 உள்ள செடியின் உமியிலும் கணுவுக்குக் கீழும் கருமை படரும். நோயைப் போலவே தோன்றும் இந்த அடையாளங்களைப் பார்த்து அனுபவமில்லாதவர் நல்ல செடியைக் கழித்துவிடக்கூடும்.

எல்லாவற்றையும் விதைத்துப் பார்ப்பதற்கு மாற்றாக, எதை விதைப்பது என்பதையே முதலில் சிந்தித்து முடிவு செய்யும் வழியும் உண்டு. வறண்ட நிலங்களுக்கான பன்னாட்டு வேளாண் ஆய்வு மையமான இக்கார்டாவோடு இணைந்து வளர்ந்த அந்த முறை, ஒரு சேகரிப்பு எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊரின் மழை, குளிர், ஈரப்பதம், நோய் வரலாறு ஆகியவற்றை வைத்துக் கணிக்கிறது: நூற்றாண்டுகளாக ஒரு நோய் அழுத்திக்கொண்டிருந்த வட்டாரத்தின் நாட்டு ரகத்தில் அதற்கான எதிர்ப்பு இருக்க வாய்ப்பு அதிகம். சாம்பல் நோய் ஆய்வு ஒன்றில் 16,089 சேகரிப்புகளின் விவரங்களிலிருந்து 1,320 நாட்டு ரகங்களை மட்டும் இப்படிப் பொறுக்கி எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் 211 நோயைத் தாங்கின. அவற்றை மேலும் ஆராய்ந்தபோது, பிஎம் 3 என்ற ஒரே மரபணுவின் இதுவரை அறியப்படாத ஏழு மாற்று வடிவங்கள் 2009இல் வெளிப்பட்டன. திரட்டிய ஊரின் பெயரைச் சரியாக எழுதிவைத்த ஒருவரின் கவனம் பல்லாண்டு கழித்து இப்படிப் பலன் தருகிறது. ஊர்ப் பெயர் இல்லாத பைக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது.

பூச்சிகளுக்கெதிரான மதிப்பீடு இதைவிடச் சிக்கலானது. பூஞ்சை வித்தைத் தூவினால் விழுந்த இடத்தில் முளைக்கும். பூச்சி தனக்குப் பிடித்த செடியைத் தேடிப் போகும். அமெரிக்கப் பூச்சியியலாளர் ரெஜினால்ட் பெயின்டர் 1951இல் வகுத்தபடி, ஒரு செடி பூச்சியிடமிருந்து மூன்று வழிகளில் தப்புகிறது: பூச்சிக்குப் பிடிக்காமல் போவது, தின்ற பூச்சியைச் செழிக்கவிடாமல் செய்வது, தின்னக் கொடுத்தும் மகசூலை இழக்காமல் இருப்பது. பல ரகங்களை அருகருகே வைத்தால் முதல் வழியில் தப்பும் செடி சிறப்பாகத் தெரியும். அந்த ஒரு ரகத்தையே நாடு முழுவதும் விதைத்தால் வேறு போக்கிடமில்லாத பூச்சி அதையே தின்னக்கூடும். அதனால் பூச்சியைச் செடியோடு அடைத்து வைத்தும் பார்க்க வேண்டியிருக்கிறது. மேற்கு, மத்திய ஆசியக் கோதுமையை அழிக்கும் சன் பூச்சிக்கு எதிராக இக்கார்டா சிரியாவில் நடத்திய சோதனைகளில் செடிகளை வலைக்கூண்டால் மூடிப் பூச்சிகளை உள்ளே விட்டார்கள். ஊரின் தட்பவெப்பத்தை வைத்துப் பொறுக்கிய நாட்டு ரகங்களில் ஆப்கானிஸ்தான், தஜிகிஸ்தான் பகுதிகளைச் சேர்ந்த சில மட்டும் அந்தத் தாக்குதலைத் தாங்கின.

தண்டைக் குடையும் ரம்ப ஈக்கு எதிரான எதிர்ப்பு இன்னும் எளிதாகக் கண்ணுக்குத் தெரிவது. போர்ச்சுகலிலிருந்து வந்த எஸ் 615 என்ற கோதுமையின் தண்டு உள்ளே வெறுமையாக இல்லாமல் சோறு என்ற மென்திசு நிறைந்திருக்கும். ஈயின் புழு அதற்குள் நகர முடியாமல் திணறும். 1940களில் கனடாவில் வெளியான ரெஸ்கியூ என்ற ரகம் அந்தக் குணத்தை வாங்கிக்கொண்டது. ஆனால் மேகமூட்டம் மிகுந்த ஆண்டில் அதே ரகத்தின் தண்டு போதுமான அளவு நிறைவதில்லை. ஓரிடத்தில் ஓராண்டு மட்டும் தண்டை வெட்டிப் பார்த்து எழுதிய குறிப்பு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இது போதும். பூச்சிகளும் மாறுகின்றன. 1986இல் அமெரிக்காவில் நுழைந்த ரஷ்யக் கோதுமை அசுவினிக்கு எதிராக 1994இல் கொலராடோவில் ஹால்ட் என்ற எதிர்ப்பு ரகம் வந்தது. அதை மீறும் அசுவினி 2003இல் அதே கொலராடோவில் தலைகாட்டியது.

தேறிய ஒரு சேகரிப்பு அப்படியே வயலுக்குப் போவதில்லை. நாட்டு ரகம் உயரமாக வளர்ந்து சாயலாம், தாமதமாக முற்றலாம், மணி சிறுத்திருக்கலாம். நல்ல மகசூல் ரகத்தோடு அதைக் கலந்து, பின்பு மகசூல் ரகத்தோடே திரும்பத் திரும்பக் கலந்து, வேண்டிய மரபணுவை வைத்துக்கொண்டு வேண்டாதவற்றை உதறப் பல தலைமுறைகள் ஆகும். கோடையில் வெலிங்டன் போன்ற மலை நிலையங்களில் மற்றொரு பருவம் விதைக்க முடிவதால் ஆண்டுக்கு ஒரு தலைமுறை கூடுதலாகக் கிடைக்கிறது. நீலகிரியில் வளரும் சம்பா கோதுமைக்கும் இதில் பழைய உறவு உண்டு: தண்டுத் துருவின் உள்வகைகளைப் பிரித்தறிய அமெரிக்க நோயியலாளர் ஸ்டாக்மன் அமைத்த பன்னிரண்டு சோதனைக் கோதுமைகளின் வரிசையில், இந்தியாவின் கப்லியும் ஒன்று. அது சம்பா கோதுமையின் இனம்தான்.

இந்த வேலையில் ஈடுபடுவோர் நன்கறிந்த ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். விதை வங்கியில் ஒரே எண்ணுக்குள் கிடக்கும் நாட்டு ரகம் ஒரே மரபு கொண்டதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு விவசாயியின் களத்திலிருந்து அள்ளிய கைப்பிடி விதையில் பல சாயல்கள் கலந்திருக்கும். சோதனை வரிசையில் நிற்கும் இருபது செடிகளில் பதினேழு துருவேறி மஞ்சளித்திருக்க, மூன்று மட்டும் பச்சையாக நிற்பது உண்டு. வரிசை முழுவதற்கும் ஒரே மதிப்பெண் போட்டால் அது ‘எஸ்’ என்று பதிவாகி, அந்த மூன்றும் சேர்ந்து காணாமல் போகும். அதைக் கவனித்தவர் அந்த மூன்று கதிர்களின் கழுத்திலும் நூல் கட்டி, முற்றிய பின் ஒவ்வொன்றையும் தனித் தனிக் காகித உறையில் போட்டு, பழைய எண்ணோடு 1, 2, 3 என்று சேர்த்து எழுதி வைப்பார். அடுத்த பருவத்தில் அவை மூன்று தனி வரிசைகளாக, ஆக்ரா லோக்கலின் பக்கத்தில், மறுபடியும் துருவின் முன் நிற்கும்.